பூஜை போட்ட துத்தநாகம்

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்து பார்த்தால் தொட்டிக்குள் வடிகஞ்சி. செவ்வாய்க்கிழமை மாலை நான் விட்டுப்போனது கண்ணாடி போலத் தெளிந்த கரைசல், ஆயிரம் லிட்டர். நடுவில் ஆயுத பூஜை ஒரு நாள், விஜயதசமி ஒரு நாள். இரண்டே நாள் ஒரு தொட்டியைச் சும்மா இருக்க விடத் தெரியாதவர்களோடுதான் ஆறு வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் சாமிக்கண்ணு காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஏதோ நல்ல காரியம் செய்து முடித்த களை.

"இன்னா அண்ணா இது?"

"காலைல வந்து பாத்தேன் பிரிஸ்கிம்மா. கொழகொழன்னு கெடந்துச்சு. மட்டமும் கொறைஞ்சிருந்துச்சு. தண்ணி ஊத்தி சரி பண்ணலாம்னு பாத்தேன். பன்னெண்டு கொடம் ஊத்துனேன்."

"ஊத்துனீங்க. அப்புறம்?"

"அப்புறந்தான் இப்படி ஆயிடுச்சு."

நான் பிரிஸ்கில்லா. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பட்டறையில் கெமிஸ்ட். இரும்புச் சாமான்கள் எங்களிடம் வரும், துத்தநாக முலாம் பூசி அனுப்புவோம். தொட்டிகளை ஓட்டுபவர் சாமிக்கண்ணு. ஐம்பத்தாறு வயது, இந்தப் பட்டறையில் இருபத்தாறு வருஷம். நாளும் பொழுதும் அவரைத் திட்டுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்களோ என்று சில நாள் தோன்றும்.

எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். துத்தநாகம் வெறும் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவைக் கெட்டியாகக் கரைத்த நீரில் கரையும். கரைந்துவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அதில் இரும்பைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் கரைந்த துத்தநாகம் இரும்பின் மேல் போய் உட்காரும். ஒரு பங்கு துத்தநாகத்துக்குப் பத்துப் பங்கு காஸ்டிக் வேண்டும், அது கணக்கு. துத்தநாகம் கூடினால் முலாம் வெளிப்பக்கமே தடித்துப்போய், சாமானின் உள்மடிப்புக்குள் நுழையாது. சரி, கூடிவிட்டதே என்று தண்ணீர் ஊற்றினால் காஸ்டிக் நீர்த்துப்போகும். பிறகு துத்தநாகத்தால் அதற்குள் தாக்குப்பிடிக்க முடியாது, வெள்ளைத் தூளாக வெளியே வந்துவிடும். உப்புக் கூடின குழம்புக்குத் தண்ணீர் ஊற்றலாம். இது குழம்பு இல்லை. இந்த வாக்கியத்தை இரண்டு வருஷத்தில் நானூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஆனால் தண்ணீர் ஊற்றியது இரண்டாவது தப்பு. முதல் தப்பு தொட்டிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

துத்தநாக உருண்டைகளை இரும்புக் கூடைகளில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவது வழக்கம். அவை கரையக் கரைய முலாமில் செலவாகும். தொல்லை என்னவென்றால், மின்சாரத்தை நிறுத்தினாலும் துத்தநாகம் கரைவதை நிறுத்தாது. இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். ஆள் இல்லை, மோட்டார் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. அது பாட்டுக்கு உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் விடுமுறைக்கு முன்னால் கூடைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட வேண்டும். சுவரில் முழ நீள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: தொட்டி நின்றால் கூடை வெளியே.

இப்போது அந்த எழுத்தின் மேல் சந்தனம் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கீழே ஆறு கூடைகளும் தொட்டிக்குள் இருந்தன. கொக்கிகளில் சாமந்தி மாலை வாடித் தொங்கியது.

"செவ்வாக்கெழம சாயங்காலம் ஆறு கூடையும் வெளியில வச்சிட்டுத்தானே போனேன்?"

"வச்சீங்க. புதன்கெழம பூஜைக்கு துர்கா அம்மா வந்தாங்க. காலித் தொட்டிக்கா பூஜை போடுறதுன்னு கேட்டாங்க. ஞாயந்தானே? அதான் உள்ள எறக்கிட்டேன். அரைகுறையா இருந்தா நல்லா இருக்காதேன்னு புது உருண்டை நாப்பது கிலோ ரொப்புனேன்."

துர்கா எங்கள் முதலாளி இராமதாஸின் மனைவி. வருஷத்தில் ஒரு நாள் பட்டறைக்கு வருவார். அந்த ஒரு நாள் போதும்.

"பூஜை முடிஞ்சதும் எடுத்திருக்கலாமே."

"பூஜை போட்ட பொருளை அன்னிக்கே எப்படிம்மா எடுக்குறது? மறுநாள் சூடம் காட்டிட்டு எல்லாரும் கெளம்பிட்டோம்."

"செவுத்துல எழுதியிருக்கே. நீங்களே பொட்டு வச்சிருக்கீங்க."

"அது வேலை நின்னா. பூஜைக்கு நிக்கிறது வேலை நிக்கிறதாம்மா?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது. என் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறினால் பிரெஞ்சில் திட்டுவார். எங்களுக்குப் புரியாது, ஆனால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். அந்த நிமிஷத்தில் எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு தேவைப்பட்டது.

கூடைகளை வெளியே தூக்கச் சொல்லிவிட்டு, மாதிரி எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வழக்கமாகப் பன்னிரண்டாம் கோட்டில் சிவப்பு நீலமாக மாறும். அன்று பதினைந்து தாண்டியது, இருபது தாண்டியது, இருபத்து மூன்றில்தான் மாறியது. அதுவும் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு. இரண்டு நாளில் துத்தநாகம் இரட்டிப்பாகியிருந்தது.

ஒன்பதரைக்கு இராமதாஸ் வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், நாளைக்கி பதினோரு மணிக்கி ஓசூர்லருந்து ஆளு வரான். தெரியுமில்ல?"

தெரியும். சக்கர நாற்காலி செய்கிற கம்பெனி. பிரேக் பிராக்கெட் நூறு முலாம் பூசிக் காட்ட வேண்டும். அந்தப் பிராக்கெட்டில் எல்லாமே உள்மடிப்பு.

"அந்த நூறு பாஸ் ஆவலைன்னா திங்கக்கெழம சயனைட் ட்ரம் எறங்கும். சொல்லி வச்சிட்டேன். இந்த காஸ்டிக் தொட்டிக்கு ரெண்டு வருஷம் குடுத்தேன். கொழந்தைய விட்டுட்டு போற மாதிரி பயந்துக்கினே போவ வேண்டியதா இருக்கு. சயனைட் தொட்டிய ஒரு வாரம் பூட்டி வச்சாலும் அப்படியே கெடக்கும்."

கிடக்கும்தான். அதுதான் அதன் பெருமை. சயனைட் தொட்டி யார் எப்படிக் கையாண்டாலும் நல்ல முலாம் கொடுக்கும். துத்தநாகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுகொள்ளாது. ஒன்றே ஒன்றுதான் அதற்கு ஆகாது. பக்கத்து ஆசிட் தொட்டியிலிருந்து எடுத்த, சாமான் மாட்டிய சட்டத்தை அலசாமல் அதற்குள் இறக்கினால் விஷவாயு கிளம்பும். இரண்டரை வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மதியம் அப்படி இறக்கினார்கள். சாமிக்கண்ணு தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். நானும் இன்னொருவரும் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டால் அன்றைக்கு வெயில் ஜாஸ்தி, மயக்கம் வந்துவிட்டது என்பார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் இராமதாஸோடு மல்லுக்கட்டி, வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டி, சயனைடைத் தூக்கிவிட்டு இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தேன். யாருக்காகக் கொண்டுவந்தேனோ அவர் வாரம் ஒரு முறை சொல்வார், "பழைய தொட்டி நல்ல தொட்டிம்மா, கோவப்படாது." அதைக் கேட்கும்போது எனக்கு வருகிற எரிச்சலை அளக்க இன்னும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

அழுது புலம்ப நேரமில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. பாதிக் கரைசலை இறைத்து டிரம்களில் தனியாக வைப்பது, அந்த இடத்தில் புதிதாகக் காஸ்டிக் கரைத்து ஊற்றுவது. துத்தநாகம் பாதியாகும், காஸ்டிக் ஏறும், வெள்ளையெல்லாம் மறுபடி கரைந்து தெளியும். எழுபது கிலோ காஸ்டிக் வேண்டும். இருந்தது. ஆனால் அவ்வளவு காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும். சூடான கரைசல் முலாமைக் கெடுத்துவிடும். தானாக ஆறுகிற வரைக்கும் காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

"ஐஸ் வேணும்," என்றேன். "அஞ்சு பாளம்."

"மீன் மார்க்கெட்டுல கெடைக்கும்," என்றார் சாமிக்கண்ணு. "ஐஸை ஒடைச்சி நேரா தொட்டியில போட்டுறலாமா?"

"ஐஸ் உருகினா இன்னா ஆவும் அண்ணா?"

யோசித்தார். "தண்ணி," என்றார்.

லூயிஸ் என்பவரின் லோடு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நானே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வேறு யாரை அனுப்பினாலும் ஐஸ் வராது, ஐஸ்கிரீம் வரும். நேரு வீதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், வண்டி ஊர்ந்தது. லூயிஸ் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டிருந்தபோதுதான், காலையிலிருந்து ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு ஓடியதில் நான் நினைக்காமல் தள்ளிவைத்திருந்த விஷயம் வந்து உட்கார்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பூஜையில் நானும் இருந்தேன்.

துர்கா அம்மா தீபாராதனை காட்டும்போது நான் தொட்டிக்கு நான்கடி தள்ளி நின்றிருந்தேன். கொக்கிகளில் மாலை தொங்குவதைப் பார்த்தேன். கொக்கிக்குக் கீழே கூடை இருக்கிறது, கூடை தொட்டிக்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். கையில் பொரி பொட்டலம். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே துத்தநாகம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

வாய் திறக்கவில்லை. அங்கே வேலை செய்கிற பதினொரு பேரில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். சேர்ந்த முதல் வருஷம் பூஜையில் யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "அவங்க வேதக்காரங்க, பொரி வாங்குவாங்களோ இன்னாவோ." அன்றிலிருந்து பூஜை நாளில் நான் மிக மிக நல்லவள். முதல் ஆளாகப் போய்ப் பொரி வாங்கிக்கொள்வேன், சந்தனம் கொடுத்தால் நெற்றியில் வைத்துக்கொள்வேன். பூஜை போட்ட கூடையை வெளியே தூக்குங்கள் என்று நான் சொன்னால் என்ன நினைப்பார்கள்? வேதக்காரி வந்தாள், சாமி சாமானில் கை வைத்தாள் என்றுதானே. ஒரு நாளைக்கு மேல் இருக்காது, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான் ஏறும், வெள்ளிக்கிழமை சரி பண்ணிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். புதிதாக நாற்பது கிலோ ரொப்பியிருப்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் இன்னும் கோபம் வந்தது. லூயிஸ் ஹாரன் அடித்ததற்கு அவரைத் திட்டினேன்.

மீன் அங்காடிக்குப் பக்கத்தில் ஐஸ் விற்கிற சின்னப்பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அஞ்சு பாளமா? இன்னா மீனு ஏத்துற?"

"மீனுக்கு இல்லம்மா. காஸ்டிக் சோடாவுக்கு."

"எதுக்கோ ஒண்ணுக்கு," என்றாள். "உமி போட்டு மூடிக்கினு போ. ஒழுவும்."

திரும்பி வருவதற்குள் பாதித் தொட்டியை இறைத்து வைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி ஒரு வேலை நடந்திருப்பதைப் பார்த்து எனக்கே திகைப்பு. பெரிய இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் துடுப்பால் கிளறினோம். ஆவி வந்தது. மீன் வாடை அடிக்கிற ஐஸை உடைத்து பிளாஸ்டிக் கேன்களில் அடைத்து, மூடியை இறுக்கி, கயிறு கட்டி உள்ளே இறக்கச் சொன்னேன். இருந்தவை ஐந்தே கேன். இன்னும் இரண்டு பாத்திரம் வேண்டும் என்று கத்திவிட்டுத் தெர்மாமீட்டர் எடுக்கப் போனேன்.

வந்து பார்த்தால் டிரம் ஒரு ஓரத்தில் சோடா பாட்டில் மாதிரிப் பொங்குகிறது. சாமிக்கண்ணு ஒரு வாளி நிறைய ஐஸ் போட்டு இறக்கியிருந்தார். ஜி.ஐ. வாளி. ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற அந்தச் சாம்பல் நிற வாளி, துருப் பிடிக்காமல் இருப்பதற்காக மேலே முழுக்க என்ன பூசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? துத்தநாகம்தான். துத்தநாகம் கூடிவிட்டது என்று காலையிலிருந்து நாங்கள் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறோம், இவர் அன்போடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறார்.

"அண்ணா, நாம இங்க இன்னா முலாம் பூசுறோம்?"

"ஜிங்க்."

"அந்த வாளி மேல இன்னா இருக்கு?"

வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்தார். அடிப்பாகம் மினுமினுப்பு போய்க் கறுத்திருந்தது.

"இருபத்தாறு வருஷம்," என்றேன்.

"வேகத்துல தோணலம்மா," என்றார். வெறுங்கையால்தான் இழுத்தார். அதற்கும் தனியாகத் திட்டினேன். சிரித்துக்கொண்டே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அந்தச் சிரிப்புதான். எவ்வளவு திட்டினாலும் ஒட்டாது.

மூன்று மணிக்கு டிரம் ஆறியது. பம்பு வைத்துத் தொட்டிக்குள் ஏற்றினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணிக்கு மேலே ஒரு சாண் ஆழம் தெளிந்தது. நாலரைக்குத் தொட்டியின் அடியில் விழுந்து கிடந்த ஒரு பழைய போல்ட் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு போல்ட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கூடைகளை இறக்கி, ஒரு பிராக்கெட்டைத் தொங்கவிட்டு எடுத்தோம். வெளியே பளபளவென்று இருந்தது, மடிப்புக்குள் மங்கலாக இருந்தாலும் முலாம் இருந்தது. பளபளப்பு மருந்தை அளந்து விட்டுவிட்டு, ஆறு கூடைகளையும் என் கண் முன்னால் மறுபடி வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சாரத்திலிருக்கும் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சட்டங்களை இறக்கினோம். பத்தரைக்குள் நூறு பிராக்கெட். சரியாகப் பதினோரு மணிக்கு இளஞ்செழியன் என்கிற ஓசூர்க்காரர் வந்தார். குட்டி டார்ச் ஒன்றும் பிளேடு ஒன்றும் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து மடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலவற்றைப் பிளேடால் சுரண்டினார். நூறில் ஐந்துக்கு மேல் கழிந்தால் எல்லாமே கழிவு. முப்பதாவதில் ஒன்றை ஓரமாக வைத்தார். ஐம்பதுக்குள் மூன்று. சாமிக்கண்ணு சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டாவதில் நான்காவது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"நாலுதான் மேடம். ஓகே," என்றார் இளஞ்செழியன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இராமதாஸ் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டார்.

"பாஸ் ஆனது சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லுங்க மேடம். அடுத்த மாசம் தீபாவளி. அப்புறம் பொங்கலுக்கு நாலு நாளு. ஒவ்வொரு லீவுக்கும் நான் ஐஸ் வாங்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது இது தொட்டி தப்பா, ஆள் தப்பா. தொட்டி தப்புன்னா ட்ரம் வரட்டும், நிறுத்த மாட்டேன். ஆள் தப்புன்னா சாமிக்கண்ணு கேட்டுக்குப் போவட்டும். வாட்ச்மேன் வேலை. தொட்டிக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

பாஸ் ஆனால் போதும் என்றுதானே நேற்றுச் சொன்னார். தொட்டி தப்பு என்று சொன்னால் இந்த மனிதர் மறுபடி சயனைடுக்கு மேல் குனிந்து நிற்பார். ஆள் தப்பு என்று சொன்னால் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காருவார். பூஜைக்குக் கூடையைப் போடச் சொன்னது யார் என்று இராமதாஸுக்கு நன்றாகத் தெரியும். அவர் மனைவி பெயர் அந்த அறைக்குள் வரப்போவதில்லை.

"ஆள் தப்புதான் சார்," என்றார் சாமிக்கண்ணு. "கூடைய போட்டது நானு. தண்ணி ஊத்துனதும் நானு. தொட்டி இன்னா பண்ணும்."

இரண்டு வருஷமாகப் பழைய தொட்டிதான் நல்ல தொட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதைத் திரும்பக் கொண்டுவரச் சரியான நேரம் வாய்த்தபோது, என் தொட்டிக்காகப் பேசினார். அந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்ல சார்," என்றேன். "என் தப்பு. நான் பாத்தேன்."

"இன்னாத்த?"

"புதன்கெழம பூஜையில, கூடை உள்ள இருக்கறத பாத்தேன். ஜிங்க் கரையும்னு தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லாம வந்துட்டேன். தொட்டிய பாத்துக்கறது என் வேலை. தொட்டியிலயும் தப்பில்ல, அண்ணன் மேலயும் தப்பில்ல. வேணும்னா என்னை கேட்டுக்கு அனுப்புங்க."

இராமதாஸ் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அவருக்கும் எரிச்சல்தான், ஆனால் கேட்டில் உட்கார வைப்பதற்கு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட் அவருக்கு வேண்டாம். "நல்லா இருக்குது உங்க கூத்து," என்றார். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, ட்ரம் வேண்டாம், எப்போதும் வேண்டாம் என்று சொன்னார். வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் போயி வேலைய பாருங்க," என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். வெளியே வந்தபோது அதைச் சாமிக்கண்ணுவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட இருந்தது. அவர் தொட்டிக்குப் போகாமல் கொட்டகை ஓரத்தில் நின்றுவிட்டார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அண்ணா."

"பாத்துட்டு நின்னு பொரி துன்னுனு இருந்தியா?"

"ஆமா அண்ணா."

"ஏன் சொல்லல?"

"பூஜை போட்டாச்சு. எடுங்கன்னு நான் சொன்னா தப்பா நெனப்பீங்கன்னு. வேதக்காரி, இவளுக்கு இன்னா தெரியும்னு."

என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை.

"தொட்டிக்கு ஆவாதுண்ணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கன்னத்துல போட்டுக்கினு எடுத்து வெளிய வச்சிருப்பேன். வெளிய வச்சே பொட்டு வச்சிருப்பேன். சாமி இன்னா கோச்சுக்கவா போவுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆறு வருஷமா தெனம் என்னைத் திட்டுற. கைய வச்சா திட்டுற, கால வச்சா திட்டுற. ஒரு நாளாச்சும் மூஞ்ச காட்டியிருக்கேனா? உள்ளுக்குள்ள என்னை இந்த மாரி ஆளுன்னுதான் வச்சிக்கினு இருந்தியா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் புதன்கிழமை நான் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன். அவரை மட்டும் இல்லை, பத்துப் பேரையும். நான் திட்டித் திட்டிப் பேசியதெல்லாம் அவர்களோடு நெருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய ஒரே நாளில் நான் தள்ளி நின்றுகொண்டேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்க நடந்தார்.

"சரிங்க மேடம்," என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.